பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர்

"மிதிங்க பெரியம்மா."

"மிதிச்சுட்டேன்டி. காரு ஓடிறாதுல்ல?" டிரைவர் சீட்டில் இருதயம்மாள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்ஜினே ஓடல. நல்லா மிதிங்க."

காரின் பின்னால் குத்தவைத்திருந்த கிளாரா உற்றுப் பார்த்தாள். இடப்பக்கச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியவில்லை. மங்கலாக மினுக்கியது. கூடவே பக்கத்து மஞ்சள் இண்டிகேட்டரும் மினுக்கியது. இதைக் காட்டித்தான் நேற்று தேனி ஆர்.டி.ஓ. ஆபீஸில் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

"ரெண்டு எலக்ட்ரீசியன் பாத்துட்டாக," என்றான் வாசலில் நின்ற கிளாராவின் தம்பி ரெக்ஸ். "ஒருத்தர் பல்பை மாத்துனாரு. இன்னொருத்தர் வயரிங் மொத்தமும் போச்சுன்னாரு. சாயங்காலம் சின்னமனூர்ல இருந்து பழைய இரும்புக்கடைக்காரர் வாராரு. காரை எடைக்குக் குடுத்துட்டு நிம்மதியா இரு அக்கா."

"அவரை வரச்சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப வரவேணாம்னும் நீயே சொல்லு."

கார் கிளாராவின் கணவர் சகாய பிரவீன் வாங்கியது. அவர் இறந்தபின், தையல் கடை நடத்தும் கிளாரா அதை ஓட்டப் பழகியது எதிர்வீட்டு இருதயம்மாளுக்காகத்தான். டயாலிசிஸ் முடித்துப் பஸ்ஸில் நின்று வந்தவர் ஒருநாள் வீரபாண்டியில் மயங்கி விழுந்தார். அதன்பிறகு கிளாரா அவரைப் பஸ் ஏற விட்டதில்லை.

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்ட நீ என்ன கன்னியாஸ்திரி மடத்து மதர் சுப்பீரியரா?" என்றான் ரெக்ஸ்.

"ஆமாலே. முக்காடு மட்டும் இன்னும் தைக்கல."

காருக்குள்ளிருந்து இருதயம்மாள் சிரித்தார். பிறகு மெல்லிய குரலில், "எனக்காகச் சண்ட போடாதடி. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்," என்றார்.

"காலை எடுக்காதீங்க பெரியம்மா."

பல்பு புதிது. கரண்டும் அதுவரை வருகிறது. அப்படியானால் திரும்பிப் போகும் வழிதான் அடைபட்டிருக்க வேண்டும்; அதனால்தான் பக்கத்து விளக்குக்குள் புகுந்து போகிறது. கிளாரா பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு இழுக்கும் நீள வயரை எடுத்து வந்தாள். ஒரு முனையை முன்னால் பேட்டரியின் மைனஸில் கட்டினாள். மறுமுனையைப் பின்விளக்கின் எர்த் வயரில் தொட்டாள். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. மஞ்சள் அணைந்தது.

அந்த எர்த் வயரைத் தொடர்ந்து போனாள். டிக்கிக்குள், காரின் தகரத்தில் முறுக்கிய ஒரு ஸ்க்ரூவில் அது முடிந்தது; அங்கிருந்து தகரம் வழியாகத்தான் கரண்டு பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கழற்றினால், அடியில் தகரமே தெரியவில்லை. வழவழவென்று வெள்ளைப் பெயிண்ட்.

ரெக்ஸ் எட்டிப் பார்த்துக் கைதட்டினான். "லிங்கேஸ்வரன் அண்ணன் அடிச்ச ஓசிப் பெயிண்டு! வண்டியவே கவுத்துப்புட்டாரே!"

பெயிண்டர் லிங்கேஸ்வரனின் மனைவியைப் பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனார்கள். அந்த நன்றிக்கு ஈஸ்டருக்கு முன்னால் அவர் கூலி வாங்காமல் கார் முழுக்கப் பெயிண்ட் அடித்தார். டிக்கிக்குள்கூட ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் அடித்து, திரும்ப மாட்டியிருந்தார். அரைகுறையாகச் செய்பவன் அங்கெல்லாம் தொட்டிருக்க மாட்டான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து லிங்கேஸ்வரனே வந்துவிட்டார். ஸ்க்ரூவையும் பெயிண்டையும் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"நாந்தான் கெடுத்துப்புட்டேனா ஆத்தா?"

"அப்படிக் கேளுங்க," என்றான் ரெக்ஸ்.

"நீ வாய மூடுலே." கிளாரா எழுந்து நின்றாள். "அண்ணே, உப்புத்தாள் இருந்தா எடுத்துட்டு வாங்க. இது உங்க பெயிண்டு. உங்க கையத் தவிர வேற கை இதத் தொட விடமாட்டேன்."

அன்பில் செய்ததும் சில நேரம் பிசகிவிடுகிறது. அதற்காக மொத்தத்தையும் உரிக்க வேண்டியதில்லை. லிங்கேஸ்வரன் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார். கிளாரா வயரை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினாள்.

சிவப்பு மட்டும் எரிந்தது, முழுசாக.

"ஆபீஸ்ல மறுபடியும் வேற ஏதாச்சும் சொல்லித் திருப்பிவிட்டா?" ரெக்ஸின் குரல் இறங்கியிருந்தது.

"அதையும் சரிபண்ணிட்டு மறுபடியும் போவேன். இரும்புக்கடைக்குப் போன் போடு."

அவன் போனை எடுத்தான்.

"காலை எடுக்கலாமாடி? வலிக்குது," என்றார் இருதயம்மாள்.

"இன்னும் கொஞ்சம் மிதிங்க பெரியம்மா. வெளக்கு எரியறதப் பாத்துக்கிட்டே இவன் பேசி முடிக்கட்டும்."