துடிப்போடு அனுப்புவது

ஓவிய அருங்காட்சியகத்தில் கசில்தா ஒரு படத்தையும் பார்க்கவில்லை. குளிர்ந்த கூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், அவ்வளவுதான். ஞாயிறு மாலை இலவசம் என்பதால் மாலகா ஊரே குழந்தை குட்டிகளோடு உள்ளே திரண்டிருந்தது.

"அடுத்ததுக்குப் போலாமா? கண்ணாடிச் சாமான் வச்சிருக்கிற இடம். பக்கம்தான்," என்றான் அவள் கணவன் எலாதியோ.

"எங்க வேணாலும் போ. அந்த ஆஸ்பத்திரி வராந்தா மட்டும் வேணாம்."

உறுப்பு தானத்தைக் கவனிக்கும் டாக்டரம்மாதான் அவர்களை வெளியே அனுப்பியிருந்தாள். காலாற நடந்துவிட்டு வாருங்கள், இருட்டுவதற்குள் பதில் சொன்னால் போதும் என்றாள். அவர்கள் மகன் அத்ரியான் ஏணியிலிருந்து விழுந்ததில் மூளை செத்துப்போயிருந்தது. சட்டம் என்ன சொன்னாலும் அந்த நாட்டில் பெற்றவர்களைக் கேட்காமல் கத்தி வைப்பதில்லை. எலாதியோ கேட்ட உடனே சரி என்றுவிட்டான். கசில்தா வாயே திறக்கவில்லை.

தெருவுக்கு மேல் வீட்டுக்கு வீடு நிழலுக்காகக் கட்டிய துணிகள் மெல்ல அசைந்தன. பாதிக்கு மேல் அத்ரியான் கட்டியவை. துணியை விறைப்பாகக் கட்டினால் கடல்காற்று ஒரே இரவில் கிழித்துவிடும். தொய்வு விட்டால் காற்று தானே வழுக்கிப் போய்விடும். மகனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன், லிஃப்ட் மெக்கானிக்கான எலாதியோதான்.

"ஏய் எலாதியோ!" முக்குக்கடை சர்வர் தட்டை ஆட்டினான். "பொண்டாட்டியோட ஊர்வலமா? மழை கொட்டப்போகுது! உன் பையன்கிட்ட சொல்லு, என் மேசைக்கு மட்டும் நிழல் விழமாட்டேங்குதுன்னு!"

"சொல்றேன்ப்பா," என்றான் எலாதியோ.

கண்ணாடி அருங்காட்சியக வாசலில் கசில்தா நின்றுவிட்டாள்.

"அவன் நெஞ்சு ஏறி இறங்குது. நான் பார்த்தேன். கை சூடா இருக்கு."

எதையாவது விளக்கிச் சொல்லக் கிடைத்தால் எலாதியோவுக்குத் தெம்பு வந்துவிடும். இப்போதும் வந்தது, அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. "மூச்சு விடுறதுக்கு மூளை உத்தரவு போடணும். அது நின்னுபோச்சு. இப்ப காத்த உள்ள தள்றது மெஷின். இதயம் அப்படி இல்ல. துடிக்கிறதுக்கான பொறி அதுக்குள்ளயே இருக்கு. காத்து கிடைக்கிற வரைக்கும் அதுபாட்டுக்கு அடிக்கும்."

"மெஷினை நிறுத்தினா?"

"கொஞ்ச நேரம் அடிச்சுட்டு நின்னுடும்."

"அப்ப நான் அவன் கையைப் பிடிச்சுட்டு இருக்கலாம்."

எலாதியோ தரையைப் பார்த்தான். டாக்டரம்மா அவனிடம் மட்டும் சொன்ன விஷயத்தை இனி மறைக்க முடியாது.

"குடுக்கிறதா இருந்தா முடியாது, கசில்தா. துடிப்போடயேதான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போவாங்க. கதவு வரைக்கும்தான் நம்ம. அதுக்கப்புறம் நடக்கிறது எல்லாம் உள்ள."

கசில்தா வாசலை விட்டு விலகி அவன் எதிரே வந்து நின்றாள்.

"அதான் உடனே சரின்னியா? அது நிக்கிறதை நீ பார்க்க வேண்டாமே."

லிஃப்ட் கயிறு எப்படி அறும், அறுந்தாலும் கூண்டு எப்படி விழாது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவன் அவன். இதற்கு ஒரே சொல்தான் சொன்னான்.

"ஆமா."

அவர்களைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"போன் பண்ணு," என்றாள் கசில்தா. "எடுத்துக்கட்டும். எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்கு இதயம் கேட்டு உக்காந்திருப்பா. ஆனா கட்டில் போறப்ப கதவு வரைக்கும் நீதான் கூடப் போகணும். கையைப் பிடிச்சுட்டு. சூடா இருக்கிறப்பவே நீதான் விடணும். நான் வரமாட்டேன்."

"கசில்தா, என்னால..."

"எப்படி விடுறதுன்னும் யோசிச்சுக்கோ. எல்லாந்தான் உனக்குத் தெரியுமே."

அவன் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எண்ணை அழுத்தினான். மறுமுனையில் டாக்டரம்மா எடுத்தாள். அவன் மகனின் பெயரைச் சொன்னான். பிறகு, அழைத்துப்போகும்போது கதவு வரை வர எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டான்.

"எத்தனை பேர் வர்றீங்க?"

"நான் மட்டும்தான்," என்றான் எலாதியோ.