எல்லா பஸ்ஸும் ஒடுகத்தூருக்கு

பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியதற்கு அடுத்த தை மாதத்தில், ஆம்பூர் பிரிசில்லா எந்த பஸ்ஸில் ஏறினாலும் அது ஒடுகத்தூரில் போய்த்தான் நின்றது. முதலில் அவள் ஏறியது வேலூர் பஸ். மாதனூரில் நேராகப் போக வேண்டிய வண்டி வலப்பக்கம் ஒடித்துத் திரும்பி, வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி, மலை நெருங்கி வரும் இடம்வரை போய் ஓய்ந்து நின்றது. கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஹைவேயில் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது, தினம் ஒரு டைவர்ஷன். இதுவும் அப்படி ஒன்று என்று ஜனங்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். மறுநாள் அவள் எதிர்த்திசையில் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறினாள். அது எந்த இடத்தில் திரும்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஜன்னலோரத்தில் இருந்தவர்களைக் கேட்டால் கண் அசந்துவிட்டது என்பார்கள். விழித்தபோது ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு. பெங்களூர் போகிற ஏசி பஸ்ஸும் அங்கேதான் வந்தது, கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து முகத்தை நீட்டி இது எந்த ஊர் என்று கேட்டார்கள். ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒடுகத்தூருக்கு ரயில் கிடையாது. அவள் ஏறி உட்கார்ந்த அன்று ரயில் ஆம்பூரை விட்டே கிளம்பவில்லை, அவள் இறங்கின பிறகுதான் நகர்ந்தது.

குற்றம் அவள் மேல்தான் என்று சொல்ல வேண்டும். புது வருஷத்து ஆராதனையில் பாஸ்டர் எல்லாரையும் கையை உயர்த்தி, 'ஆண்டவரே, நீர் எங்கே அனுப்பினாலும் போகிறேன்' என்று சொல்லச் சொன்னார். சபை முழுக்கச் சொன்னது. வருஷா வருஷம் சொல்வதுதான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள், ஆண்டவரும் பெரிதுபடுத்த மாட்டார். பிரிசில்லா சொன்னதை மட்டும் அந்த வருஷம் அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒடுகத்தூரில் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர், தனகோடி மேஸ்திரி. பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், திருப்பூரில் இருக்கும் மகன் எட்டிப் பார்ப்பதில்லை, முதுகெல்லாம் புண், யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை என்று அவள் காதுக்கும் வந்திருந்தது. 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டு ஷூ கம்பெனி மெஷினில் நூல் கோத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கூட வேலை செய்த பெண்கள் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவள் புருஷன் ஜோசுவா வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர் இந்தத் தனகோடி. கழிவுத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டபோது, 'ரெண்டு நிமிஷ வேலைடா, கயிறெல்லாம் இன்னாத்துக்கு' என்று அவனை இறக்கிவிட்டார். விஷவாயு அவனை மேலே விடவில்லை. அதைக்கூட விதி என்று விழுங்கியிருப்பாள். விசாரணைக்கு வந்தவர்களிடம் மேஸ்திரி, 'குடிச்சிட்டு அவனாவே எறங்கிட்டான் சார்' என்று சொல்லிவிட்டார். சோடாவைத் தாண்டி ஒன்றும் குடிக்காதவன் ஜோசுவா. அந்தப் பொய்யைத்தான் இத்தனை வருஷமாக அவளால் செரிக்க முடியவில்லை.

அதனால் அவளும் பிடிவாதமாகத்தான் இருந்தாள். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வீடு திரும்பும் பஸ் மட்டும் ஒழுங்காக ஆம்பூர் போனது, அந்த அளவுக்கு ஆண்டவர் நியாயமாகவே நடந்துகொண்டார். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸும் ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்களை அள்ளிக்கொண்டு ஒடுகத்தூர் போனது. அன்று தையல் லைன் ஓடவில்லை, சூப்பர்வைசர் அவளை இனிமேல் நடந்தே வரச் சொல்லிவிட்டார். கண்டக்டர்கள் அவள் தலையைக் கண்டாலே விசில் ஊதி வண்டியை எடுத்தார்கள். திட்டினவர்கள் உண்டு. மலைத்தேனும் புளியும் மலிவாக வாங்கி வரலாம் என்று அவள் பின்னாலேயே வந்து ஏறினவர்களும் உண்டு. ஆம்பூர்க்காரர்களைச் சும்மா சொல்லக் கூடாது.

பக்கத்து வீட்டு வஹீதா அவளுக்குக் கூடப்பிறக்காத அக்கா. வஹீதாவுக்குக் கண் காட்ட வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, துணைக்கு இவள். அன்று பஸ், ஸ்டாண்டில்கூட நிற்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, மாட்டு வண்டியே நுழையாத ஒரு சந்துக்குள், ஒரு கூரையையும் உரசாமல் நுழைந்து, ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் நின்று எஞ்சினை அணைத்துக்கொண்டது. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், 'ஜோசுவா' என்றது.

பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்டது. பிரிசில்லா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னாமே, உன் வீட்டுக்காரர் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க," என்றாள் வஹீதா.

"அந்தாளு வீடுக்கா இது. நான் போவ மாட்டேன். போனா கழுத்த நெரிச்சிடுவேன்."

"நெரிச்சா நெரி. அதுக்கும் எறங்கித்தானே ஆவணும்."

"அந்தாளு மேல எனக்கு இரக்கமே வரலக்கா. வராதப்ப போயி இன்னா செய்றது?"

"இரக்கம் இன்னா, நீ வீட்லருந்து டிபன்ல கட்டினு போற சாமானா? அது மேல இருக்கிறவன்கிட்ட இருக்குது. நீ வெறுங்கையாப் போ. கண்ண நாளைக்கிக்கூட காட்டிக்கலாம்."

பின்சீட்டிலிருந்து யாரோ, "போயிட்டு வாம்மா, நாங்க வெயிட் பண்றோம்," என்றார்கள்.

உள்ளே பக்கத்து வீட்டுப் பெண் பூங்குழலி கஞ்சிக் கிண்ணத்தோடு அலுத்துப்போய் நின்றிருந்தாள். "விழுந்ததுலேர்ந்து இவருக்கு இந்த ஒரு வார்த்தைதான்கா மிச்சம். தண்ணிக்கும் அதான், பசிக்கும் அதான், வலிக்கும் அதான். ஜோசுவான்னா யாருன்னு கேட்டா அதுக்கும் அதையேதான் சொல்றாரு," என்றாள். கட்டிலில் கிடந்தவர் பாதியாகச் சுருங்கியிருந்தார். பிரிசில்லாவைப் பார்த்ததும் அவருக்கு உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி முணுமுணுத்தாள்: "ஆண்டவரே, வேலைய நான் செய்றேன். இரக்கம் எங்கிட்ட ஒரு சொட்டு இல்ல, அத நீங்க பாத்துக்குங்க." பிறகு கிண்ணத்தை வாங்கினாள். மேஸ்திரி வாயைத் திறந்தார். வெளியே பஸ் தானாக ஸ்டார்ட் ஆகி உறுமியது. அன்று முதல் ஆம்பூர் பஸ்கள் எல்லாம் போர்டில் போட்ட ஊருக்கே போயின.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் ஷூ மேல்தோல் அப்பர்களை வாங்கிக்கொண்டாள். அந்தப் பையோடு காலையில் ஒடுகத்தூர் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பாள். நடுநடுவே ஊட்டுவாள், துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள். கேட்டபடி இரக்கம் வந்தது, ஆனால் நேரத்துக்கு வந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் அவள் வருவதற்கு முன்பே வந்து காத்திருக்கும், சில நாள் வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆடி அசைந்து வரும். வந்தால் கைக்குத் தெரிந்துவிடும். கல்லாக இருந்த விரல்கள் இளகி, புண்ணைத் துடைக்கும்போது அவளே அறியாமல் வாயால் ஊதிக் கொடுப்பாள். வராத நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேலையைச் செய்தாள். மேஸ்திரிக்கு வித்தியாசம் தெரிந்ததா என்பது சந்தேகம், புண் இரண்டு வகை நாட்களிலும் ஆறிக்கொண்டுதான் வந்தது.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கையில் வைத்தபடியே அவள் வெடித்துவிட்டாள். "சொல்லு, குடிச்சிருந்தாரா அவரு? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு! செத்தவன் மேல சேத்தப் பூசுனியே, உனக்கு நாக்கு அழுவிப் போவலியா?" மேஸ்திரி அழுதார். அழுதுகொண்டே, "ஜோசுவா," என்றார். இல்லை என்பதற்கும் அவரிடம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. மன்னிப்பு என்று ஒன்று கேட்க நினைத்திருந்தால் அதற்கும் அதுதான். அவள் தெருக்குழாயடிக்குப் போய், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஓவென்று அழுதாள். அன்று இரக்கம் வரவே இல்லை. திரும்பி வந்து, புரட்டிப் போட வேண்டிய நேரமாகிவிட்டதால் புரட்டிப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் வாடா போடா என்கிறார்கள், அது வேறு. பிரிசில்லா ஒரு நாளும் சொன்னவளில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இறந்தவர் பேர் என்ன என்று கேட்டபோதுகூட வஹீதாதான் சொன்னாள். அவன் போன பிறகு சபையில் 'வீட்டுக்காரர்', ரேஷன் கடையில் 'அவரு', அவ்வளவுதான். அந்தப் பேர் அவள் வீட்டில் வாழாமல் போயிற்று. இங்கேயானால் நாள் முழுக்க அதுதான். முதலில் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு ராகம் பிடிபட்டது: இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் முதுகு வலி, மெதுவாகச் சொன்னால் ஜன்னலைத் திற. அதற்கும் பிறகு, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. டேனரிச் சங்கு ஊதியதும் சைக்கிளில் வந்து இறங்குகிற ஜோசுவா வந்தான். எத்தனை கழுவினாலும் போகாத, தோல் ஊறும் குரோம் மருந்தின் நீலம் படிந்த விரல்களைக் கல்யாண போட்டோவில் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பார்சல் பிரியாணியைப் பிரித்து, கத்தரிக்காயை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கறியையும் அவள் பக்கமே தள்ளியது வந்தது. அப்போதெல்லாம் ஆம்பூருக்குள் பஸ் நுழையும்போதே தோல் வாசனை சொல்லிவிடும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலங்களில் இருவரும் பாலாற்று மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் வரட்டும், உனக்கு நீச்சல் கற்றுத் தருகிறேன் என்பான். அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று, தன் எதிரியின் கட்டிலடியில் உட்கார்ந்துதான் அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

போன சித்திரையில் மேஸ்திரி கஞ்சியை நிறுத்தினார். மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. அந்த ஒரு வார்த்தையும் நாக்கில் ஏறவில்லை, உதடு குவிந்து 'ஜோ' வரை வந்து உடைந்துவிடும். கண் மட்டும் வாசலையே பார்த்துப் பயந்து கிடந்தது. ஊரார் பால் ஊற்றிப் பார்த்தார்கள், மகனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துப் பார்த்தார்கள். உயிர் அசையவில்லை.

"யாரோ வரணும்னு காத்துனு இருக்குதுக்கா உசுரு," என்றாள் பூங்குழலி.

யார் என்று பிரிசில்லாவுக்குத் தெரிந்தது. கூப்பிட வேண்டியவள் யார் என்பதும் தெரிந்தது. கஞ்சி ஊட்டியதும் புண் கழுவியதும் ஒன்றுமே இல்லை, இதற்குத்தான் ஆண்டவர் தன்னை அவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கூப்பிட்டு வீட்டுக்காரர் வராமல் போனால்? வந்து, போயும் போயும் இவனுக்கா ஊட்டினாய் என்று கேட்டுவிட்டால்? இரண்டில் எதையும் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மேஸ்திரியின் தொண்டை இழுத்தது. "ஆண்டவரே, நீங்க நல்லவருன்னு நம்பித்தான் வாயத் தொறக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஜோசுவா."

"இன்னாமே?" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

ஜோசுவா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். போன அன்று இருந்த அதே வயசு, மணிக்கட்டு வரை நீலம், நனைந்த கால் பட்டுத் தரையெல்லாம் ஈரம். அவளை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா இப்டி நரைச்சிட்டே," என்றான். "சொல்லாமக் கொள்ளாமப் போனா நரைக்காம இன்னா செய்யும்," என்றாள் அவள். அப்புறம் கட்டிலைக் காட்டினாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மேஸ்திரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "பயப்படாதீங்க மேஸ்திரி. நான் பக்கத்துலதான் இருக்கிறேன்," என்றான். மேஸ்திரியின் கண் வாசலை விட்டு அவன் முகத்துக்கு வந்தது. இழுத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்ல இறங்கி நின்றது. பிரிசில்லா எழுந்து அவர் கண்களை மூடிவிட்டாள்.

பூங்குழலி தன் வீட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "வந்தவருக்குச் சக்கரை போடலாமாக்கா?" என்று கேட்டாள்.

"போடு," என்றாள் பிரிசில்லா. "அவருக்கு ஜாஸ்தியாவே போடு."