கணக்கில் வராத குண்டு

வெளியுறவு அமைச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பிரேக்’. போர் சம்பந்தமான கூட்டம் என்றால் சட்ட ஆலோசகரான அவளைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். வீட்டைக் கட்டிக் குடியேறிவிட்டு அனுமதி கேட்கிறவர்களைப் போல, எந்த விமானம் எங்கே போக வேண்டும் என்பதுவரை முடிவுசெய்த பிறகு, “கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். எல்லையில் ஒரு காவல் சாவடிக்குப் பக்கத்தில் அண்டை நாட்டுப் பீரங்கிக் குண்டு விழுந்திருந்தது. காலியாகக் கிடந்த தகரக் கொட்டகை ஒன்று போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் தளபதிக்கு மீசை துடித்தது. அந்தச் சாவடியில்தான் அவள் தம்பி காவலுக்கு இருந்தான். அறையில் யாருக்கும் அது தெரியாது; அவளும் சொல்லவில்லை. சொன்னால், இவள் சட்டம்தான் பேசுகிறாள் என்று எவன் நம்புவான்?

“திருப்பி அடிக்கலாமா, கூடாதா? சுருக்கமா சொல்லுங்க மேடம்,” என்றார் அமைச்சர்.

“கூடாது சார். தற்காப்புன்னு சொல்லணும்னா நம்ம மேல ஆயுதத் தாக்குதல் நடந்திருக்கணும். ஆள் இல்லாத கொட்டகையில ஒரு குண்டு விழுந்தா அது எல்லை உரசல், அவ்வளவுதான். இதுக்குப் போய் விமானத்த அனுப்பினா, ஐ.நா.வுல நாமதான் பதில் சொல்லணும். நம்ம பக்கம் நிக்கிற நாடுங்ககூட நழுவிடும்.”

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. சட்டத்துக்கு அஞ்சாதவர்கள்கூடத் தனியாக நிற்க அஞ்சுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அமைச்சர் வரைபடத்தை மடித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சரி, எது நடந்தா அடிக்கலாம்?” என்றார் தளபதி.

“திரும்பவும் அடிச்சு, நம்ம ஆளுங்க செத்தா...” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். சட்டக் கேள்வி காதில் விழுந்தால் பதில் தானாக வந்துவிடும், பாழாய்ப்போன பழக்கம்.

“அப்ப காத்திருப்போம். அவனுங்க சும்மா இருக்க மாட்டானுங்க. விமானம் தயாரா நிக்கட்டும்.”

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். “அதுவரைக்கும் சாவடிய காலி பண்ணிடலாமே சார்?”

தளபதி உண்மையிலேயே குழம்பிப்போனார். “ஆள் இல்லாத இடத்துல விழுந்தா கணக்குல வராதுன்னு இப்பதானே நீங்க சொன்னீங்க?”

ஆட்கள் அங்கேயே இருக்கட்டும் என்பதுபோல் அமைச்சர் தளபதியைப் பார்த்துத் தலையாட்டினார். கூட்டம் கலைந்தபோது ஓர் அதிகாரி அருகில் வந்து, “ஒரு போரையே நிறுத்திட்டீங்க மேடம்,” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

படிக்கட்டில் இறங்கும்போது கைபேசி அடித்தது. தம்பி.

“அக்கா, பதிலடி இல்லைன்னு மேலிடத்துலேருந்து தகவல் வந்துடுச்சு. உன் வேலைதானே? பசங்க எல்லாரும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னானுங்க.”

கூட்டத்தில் பேசியதை வெளியே சொன்னால் அவளுக்குச் சிறை. கேட்டுவிட்டு அவன் சாவடியை விட்டு ஓடினால் அவனுக்கும் சிறை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

“டேய், பதுங்குகுழியிலயே படு. வெளிய படுக்காத.”

“அதுக்குள்ள மூச்சு முட்டுதுக்கா. இனிமே எதுக்கு அது? அதான் நீ இருக்கியே,” என்று சிரித்தான் அவன்.