கெண்டி நீர்

ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் பியசீலி விகாரை அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மகன் உபுலின் பெயரில். உயிரோடு இருப்பவர்களுக்காகச் செய்யும் பூசை அது. அவனைப் படையினர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து ஒரு போயாகூடத் தவறவில்லை.

இந்த வருடம், காணாமற்போனவர்களின் தாய்மார் சங்கம் போயா அன்றே பிக்குகளுக்குத் தானம் வைத்தது. காலையில் பிள்ளைகளின் படங்களோடு சந்தியில் நின்று, வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாரும் வரவில்லை. பிறகு விகாரைக்கு வந்து சமைத்தார்கள். பிக்குகள் உண்டதும் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்த்து இறந்தவர்களுக்குப் புண்ணியம் கொடுக்க வேண்டும். அப்போது பெயர்களைச் சொல்வார்கள்.

“உபுல் பேரையும் குடுக்கவா?” சங்கத் தலைவி விமலா தேங்காய் துருவியபடி கேட்டாள்.

“வேணாம் அக்கா. நாளைக்கு வந்து நின்னு, என்னய எதுக்கும்மா செத்தவங்களோட சேத்தேன்னு கேட்டா?”

“வரட்டும்டி. காதத் திருகி, இவ்வளவு நாள் எங்கடா இருந்தேன்னு நான் கேக்குறேன்.”

அடுப்படியில் எல்லோரும் சிரித்தார்கள். பியசீலியும் சிரித்தாள். பருப்புக்கு உப்புப் போட்டோமா என்று நினைவில்லை. போட்டாள்.

நீர் வார்க்கும் நேரம் வந்தது. விமலா “நீ பிடி” என்று கெண்டியைப் பியசீலியிடம் கொடுத்தாள். பியசீலி வார்த்தாள். புண்ணியத்தில் பங்குகொள்ள மற்றவர்கள் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டார்கள். பிக்கு விமலாவின் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். உபுலோடு அதே ஜீப்பில் போன காமினியின் பெயரைச் சொன்னார். அடுத்தது வேறு தெருப் பையன்.

கிண்ணம் நிரம்பி வழிந்தது. விரலில் பட்ட நீர் குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

“போதும், உபாசகம்மா,” என்றார் பிக்கு. கெண்டி எப்போதோ காலியாகியிருந்தது.

கிண்ணத்து நீரை மரத்தடியில் ஊற்றுவது வழக்கம். பியசீலி அரச மரத்தடிக்கு எடுத்துப் போனாள். காலையில் உபுலுக்காக ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. கிண்ணத்தோடு நின்றாள்.

விமலா பின்னால் வந்தாள். “என்னடி, ஊத்தல்லியா?”

“இதுல வேணாம் அக்கா. வேற மரம் இல்லியா?”

விமலா ஈர மண்ணைப் பார்த்தாள். “அடுப்படிக்குப் பின்னால மாமரம் இருக்கு.”

இருவரும் போனார்கள். மாமரத்தடியில் ஊற்றியதை மண் உடனே குடித்துவிட்டது.

“அடுத்த வருஷம் அவன் பேரக் குடுப்பியா?”

“அடுத்த வருஷம் கேளுங்க.”

“ம். பருப்பு உப்புக் கரிச்சுது. சாப்பிட்ட ஹாமதுருமார் பாவம், வாயத் திறக்கல்ல.”

“ரெண்டு தரம் போட்டுட்டேன் போல,” என்று பியசீலி பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள்.