முப்பத்தெட்டு விநாடி

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை வாசலில் நின்றே படித்துவிட்டு, சுரேந்தர் அதை மனைவி பூஜிதாவிடம் நீட்டினான். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை தோற்றப் பொலிவுக்கானது என்பதால் காப்பீடு கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

"நான் அழகுக்குப் பண்றேன்னு நெனச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பூஜிதாவுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் அவனுக்கு மட்டும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடும்போது சிரிப்பானே, அது.

நூற்று நாற்பத்தெட்டு கிலோ. கிணத்துக்கடவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பங்குனியில் ஒரு காலை, பழக வந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டிலேயே தூங்கிப்போனான். கார் ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே அவனை உலுக்கி எழுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவன் காரில் ஏறவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார் டாக்டர். மூச்சுக்கு மாஸ்க் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தான். ஆபரேஷன்தான் வழி என்று முடிவானபோதுதான் இந்தக் கடிதம்.

"உடு அம்மணி. நடந்தே கொறச்சுக்கலாம்."

மூன்று வருடமாக நடக்கிறான். "உட முடியாதுங்க" என்றாள் பூஜிதா.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருக்கும் அந்தக் கம்பெனி ஆபீஸுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். புகார்களைப் பார்க்கும் அதிகாரியின் பெயர் கதிரேசன். மரியாதையாக உட்காரச் சொன்னார். ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"கொறட்டை எல்லாத்துக்கும் வர்றதுதானுங்களே."

பூஜிதா போனை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். டாக்டர் கேட்டதற்காக, அவன் தூங்கும்போது அவள் பதிந்து வைத்திருந்தது. குறட்டை அறை முழுக்க நிறைந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சுரேந்தர் தரையைப் பார்த்தான்.

சட்டென்று குறட்டை நின்றது.

பதிவு முடிந்துவிட்டதென்று கதிரேசன் விரலை நீட்டினார்.

"கை வெக்காதீங்க. ஓடிட்டுத்தான் இருக்குதுங்க."

திரையில் விநாடிகள் நகர்ந்தன. இருபது. முப்பது. சிரித்த பெண்களில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். முப்பத்தெட்டாவது விநாடியில், தண்ணீருக்கடியிலிருந்து தலையைத் தூக்கியவனைப் போல ஒரு மூச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. கதிரேசன் தானும் மூச்சை விட்டார்.

சுரேந்தர் அதை இதற்குமுன் கேட்டதே இல்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"தெனமும் இப்படியா?"

"ஆமாங்க."

"அப்ப நீ எப்பத் தூங்குவ?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

"லெட்டர்ல தோற்றப் பொலிவுங்கற வார்த்தைய எழுதியிருக்கக் கூடாதுங்க" என்றார் கதிரேசன். "டாக்டர் பேனலுக்கு நானே மறுபடி அனுப்பறேன்."

பதினோராம் நாள் காலை போன் வந்தது. ஒப்புதல் ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். சுரேந்தர் களத்தில் காயப்போட்டிருந்த கொப்பரைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பயமா இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆனா அந்தச் சத்தத்தக் கேட்ட பயத்தவிட இது கம்மிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. எத்தனையோ மாதங்களாகத் தோளில் இறுகிக் கிடந்தது இளகுவதுபோல் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "அஞ்சு நிமிசம் சாஞ்சுக்கறனுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

சுரேந்தர் போய், இரைந்துகொண்டிருந்த கிணற்று மோட்டாரை நிறுத்தினான். தென்னையிலிருந்து இரண்டு காக்கைகள் கொப்பரைக்கு இறங்கின. வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். தோளிலிருந்த துண்டை எடுத்து, களத்தைச் சுற்றி, அந்தப் பெரிய உடம்போடு நுனிக்காலில், சத்தமே இல்லாமல் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தான்.