ஒட்டுத் தெரியாத உடம்பு

“ஆப்பைக் கொடு! சின்னது இல்ல, அகலமானது!”

அக்கா மர ஆப்பைத் தூக்கி வீசினாள். பிடித்தேன். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் அதை வைத்து, ரப்பர் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். அச்சு அசையவில்லை. ஓரத்தில் வழிந்திருந்த ரெசின் பிசினை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மெழுகுப் பதத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் போனால் கல்.

“பார்த்து! உடைச்சிடாதே!”

குரல் அம்மாவுடையது. அம்மா கத்தி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை என்பது அவள் வாய் திறந்து நின்றதிலேயே தெரிந்தது.

எங்கள் வீட்டுத் தொழில் துணிக்கடைப் பொம்மை. கண்ணாடிக்குப் பின்னால் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்குமே, அந்த ஆளுயரப் பொம்மை. ஒவ்வோர் உடம்புக்கும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. உள்ளே ரெசின் பூசி, நார்த்துணி ஒட்டி, இரண்டையும் சேர்த்துப் போல்ட் போட்டுப் பூட்டி, இறுகியதும் திறந்தால் உடம்பு தயார்.

ஆண் அச்சுக்கு நீலக் கோடு. இடப்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கும். பெண் அச்சுக்குச் சிவப்புக் கோடு. வலப்பக்கச் சுவர். இரண்டையும் ஒன்றாக வைப்பது இந்தப் பட்டறையில் கொலைக்குற்றத்துக்குச் சமம். தூரிகைகூடத் தனித்தனி.

இன்றைக்கு நீலத்தின் முன்பாதியும் சிவப்பின் பின்பாதியும் ஒன்றாகப் பூட்டிக் கிடந்தன. மாலையில் புதுத் துணிக்கடையிலிருந்து வண்டி வரும். பூட்டியது நானும் இல்லை, அக்காவும் இல்லை.

அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு போல்ட் முடுக்குகிற அம்மா. அவர் தப்புச் செய்தார் என்றால் அதற்குக் காரணம் நான். அது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தலையில்லாமல் வரிசையில் நிற்கும் பொம்மைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு பொம்மையின் தோள்பட்டையை இயந்திரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பதித்த மங்கல் தகட்டின் வழியே வெயில் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தூசி மிதந்தது. அந்த நேரத்தில் எங்கள் பட்டறை பட்டறையாகவே இருக்காது. யாரோ காணும் கனவுக்குள் நாம் வழி தவறி நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம் கொடுத்த தைரியத்தில்தான் சொன்னேன்.

“அம்மா, நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. விளையாட்டுக்குச் சொல்லல. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். இப்பதான் சொல்ல வாய் வந்துச்சு.”

அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். தூசிக்காக மாட்டியிருந்த முகமூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பிறகு முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ‘ரெசின் கலக்கு’, ‘சாப்பிட வா’ தவிர அவர் வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வரவில்லை.

அக்கா அப்படி இல்லை. விக் சீவும் மேஜையில் என்னை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணையே நடத்தினாள்.

“அப்ப ஆம்பளையா மாறப் போறியா?”

“இல்ல.”

“பொம்பளையா?”

“இல்ல.”

“பின்ன எங்கதான் போற?”

“எங்கயும் போகல. இருந்த இடத்துலயேதான் இருக்கேன். நீங்கதான் என்னை வேற எங்கயோ தேடிட்டு இருக்கீங்க.”

“பஸ்ல எந்த சீட்ல உக்காருவ?”

“காலியா இருக்கிற சீட்ல.”

அக்கா சீப்பால் என் தலையில் ஒன்று வைத்தாள். “சரி போ, லூசு. ஆனா என் சட்டையை எடுத்துப் போடறதை மட்டும் இன்னையோட நிறுத்திக்கோ.”

அக்காவுடன் அதோடு முடிந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் என்னைக் கூப்பிடுவது ‘குருவி’ என்று; அவளுக்கு நான் அப்போதும் குருவிதான், இப்போதும் குருவிதான். ஆனால் வீடு என்பது அம்மா. அம்மாவின் மௌனத்துக்குள் குடியிருக்க என்னால் முடியாது. வேறு ஊரில் தோழி ஒருத்தி அறையில் இடம் இருக்கிறது என்றாள். வெட்டுமேஜைக்குக் கீழே என் பை தயாராக இருந்தது. வண்டியில் பொம்மைகளை ஏற்றியதும் நான் பஸ் ஏறுவதாக முடிவு. அம்மா ஒரு வார்த்தை பேசினால் போகமாட்டேன். பேசாவிட்டால் திரும்பமாட்டேன்.

“குருவி, கனவு கண்டுட்டு நிக்காதே! அடி!”

அடித்தேன். இன்னோர் ஆப்பு. இன்னொரு போடு. அக்கா மறுபக்க விளிம்பில் தகட்டை நுழைத்து நெம்பினாள். அம்மா இரண்டு கைகளாலும் அச்சை அணைத்துப் பிடித்துக்கொண்டார். மாடியிலிருந்து விழும் குழந்தையைப் பிடிப்பது போல ஒரு பிடி.

“அம்மா, போனாப் போகட்டும். புது அச்சு எடுத்துக்கலாம்” என்றாள் அக்கா, மூச்சிரைக்க.

“எடுக்க முடியாது” என்றார் அம்மா. “இனிமே எடுக்கவே முடியாது.”

அக்கா என்னைப் பார்த்தாள். நீல அச்சைப் பற்றித்தான் சொல்கிறார் என்று இருவரும் நினைத்தோம். அது அப்பாவின் உடம்பிலிருந்து எடுத்த அச்சு. எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அப்பா இறந்துபோய்விட்டார். ‘அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று அந்த அச்சிடம் சொல்லிவிட்டுத்தான் அக்கா தரையைப் பெருக்குவாள். சிறுவயதில் அதன் உள்பக்கத்தில் சுருண்டு படுத்து நான் எத்தனையோ மத்தியானங்கள் தூங்கியிருக்கிறேன்.

சிவப்பு அச்சு யாருடையது என்று அம்மா சொன்னதே இல்லை. கேட்டால், “ஒரு ஆளோடது” என்பார். அக்காவிடம் அதற்கு ஒரு கதை உண்டு. “அப்பாவோட பழைய காதலி. எழுதி வச்சுக்கோ. அதைத் தொடும்போது மட்டும் அம்மா மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாரு.”

உண்மைதான். மாறும்.

கடைசி ஆப்பு இறங்கியது. அச்சுக்குள்ளிருந்து யாரோ நீளமாக மூச்சு விட்டது போல ஒரு சத்தம். பின்பாதி மெல்லப் பிரிந்து அக்காவின் கையில் வந்தது. எதுவும் உடையவில்லை. முன்பாதியிலிருந்து உடம்பை உருவி எடுத்து, இளஞ்சூட்டோடு, நடுத்தரையில் நிறுத்தினோம்.

மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம்.

மங்கல் வெளிச்சம் அதன் மேல் வழிந்தது. அகலமும் இல்லாத, குறுகலும் இல்லாத தோள். தட்டையான நெஞ்சு. முதுகு கீழே போகப் போக, ஓடை திரும்புவது போல இடுப்பில் திரும்பியது. எங்கே திரும்பியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இதுவரை இந்தப் பட்டறையிலிருந்து போன எந்தப் பொம்மையும் இப்படி நின்றதில்லை. எல்லாம் துணிக்காகக் காத்திருக்கும். இது எதற்காகவும் காத்திருக்கவில்லை.

அக்கா குனிந்து பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். அக்குள், விலா, இடுப்பு, தொடை.

“படியே இல்ல” என்றாள். “வேற வேற ஆளோட அச்சும்மா. நூலளவாவது ஏறி இறங்கி இருக்கணும்ல? ஒட்டினது தெரியவே இல்லையே!”

நானும் தொட்டுப் பார்த்தேன். ஒட்டுத் தெரியவில்லை. அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

“ஏய் குருவி, திரும்பி நில்லு” என்று அக்கா என் தோளைப் பிடித்துப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். “பின்கழுத்தைப் பாரும்மா. அப்படியே இது!”

போன் அடித்தது. துணிக்கடை மேனேஜர். அம்மா போனை அக்காவிடம் நீட்டினார், எப்போதும் போல ஸ்பீக்கரில் போடச் சொல்லி.

“எல்லாம் ரெடிதானேம்மா? நாளைக்குக் கடை திறக்கணும்.”

“ஒண்ணு குறையும்” என்றார் அம்மா.

“ஏன், உடைஞ்சுடுச்சா?”

“உடையல. வேற மாதிரி வந்திருக்கு.”

“வேற மாதிரின்னா? ஆம்பளைப் பகுதியில வைக்கலாமா, பொம்பளைப் பகுதியில வைக்கலாமா? சொல்லுங்க, எங்கயாவது ஓரமா நிறுத்திக்கறேன்.”

அம்மா பொம்மையைப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்தார்.

“ஓரமா நிறுத்தறதுக்கு நான் தர மாட்டேன்” என்றார். “அது விற்கறதுக்கு இல்ல.”

அக்கா போனை வைத்தாள். வண்டி வந்தது. மற்றதையெல்லாம் ஏற்றினோம். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் மேஜைக்குக் கீழே குனிந்து பையை இழுத்தேன்.

“எங்க?”

“பஸ்ஸுக்கு.”

“எதுக்கு?”

“நீ பேசவே இல்லையேம்மா.”

அம்மா பையின் மறுகாதைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

“என்ன பேசச் சொல்ற? முடிக்காத பொம்மை மாதிரி நிக்கறேன்னு ஒரு பிள்ளை வந்து சொன்னா—”

“முடிக்காத பொம்மைன்னு நான் சொல்லல. நான் முடிஞ்சுதான் இருக்கேன். உன் பட்டறையிலதான் ரெண்டே சுவர் இருக்கு.”

அம்மாவின் கை பையிலிருந்து நழுவவில்லை. ஆனால் முகம் நழுவியது. அப்படியே தரையில், அந்த வெள்ளை உடம்பின் காலடியில் உட்கார்ந்தார்.

“ஊரைச் சுத்திப் பார்க்கணும்னு போ. வேலைக்குப் போ. நான் தடுக்கல” என்றார். “நான் பேசலைன்னு மட்டும் போகாதே. இதே பேச்சை முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கேன். அப்பவும் பதில் சொல்லாம முகமூடியை மாட்டிக்கிட்டேன். அந்த ஆள் அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கல. கடைசி வரைக்கும்.”

“யாரும்மா?” என்றேன்.

“சிவப்பு அச்சா?” என்று அக்கா பாய்ந்து வந்தாள். “சொன்னேன்ல குருவி! அந்தக் காதலி!”

அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காதலியாம்! உன் வாய்க்குப் பூட்டுப் போட ஒரு அச்சு எடுக்கணும்.”

பையை என் கையிலிருந்து வாங்கி மேஜைக்குக் கீழே தள்ளினார். என் உள்ளங்கையைப் பிடித்துப் பொம்மையின் பின்கழுத்தில் வைத்தார். ரெசின் சூடு இன்னும் ஆறவில்லை. உயிருள்ள கழுத்தைத் தொட்டது போல இருந்தது.

“நீல அச்சு எடுத்தப்போ, கடைக்காரனுக்கு அகலம் வேணும்னு முதுகுல களிமண் வச்சேன், நெஞ்சைத் தொடல. காஞ்சு வெளிய வந்ததும் அந்த ஆள் சொல்லுச்சு, ‘இதுல நான் கொஞ்சம்தான் இருக்கேன், இன்னொண்ணும் எடு’ன்னு. அடம். குழந்தை மாதிரி அடம். சரின்னு சிவப்பு அச்சுக்கும் அதே ஆளையே நிக்க வச்சேன். அதுக்கு நெஞ்சுல களிமண் வச்சேன், முதுகைத் தொடல.”

அக்கா நீல அச்சையும் சிவப்பு அச்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு தடவையும் களிமண்ணாலதான் மறைச்சேன்” என்றார் அம்மா. “இன்னைக்குத் தப்பாப் பூட்டினதுலதான் களிமண்ணே படாம, முழுசா, முதல் தடவையா வெளிய வந்திருக்காரு… உங்கப்பா.”