வாசித்துக் காட்டக் கேட்டு

சனிக்கிழமை வகுப்புக்கு நிதி தேடிச் சீதாலக்ஷ்மி டீச்சர் ஏறாத படி திருவனந்தபுரத்தில் பாக்கியில்லை. வங்கி மேலாளர் காபி வரவழைத்துக் கொடுத்து, ஹெட் ஆபீசுக்கு எழுதிப் பாருங்கள் என்றார். கிளப்காரர்கள் வகுப்புக்கு வேண்டாம், குடிதண்ணீர் மெஷின் தருகிறோம், மேலே எங்கள் பெயரைப் பெரிதாய் எழுதிவிடுங்கள் என்றார்கள். கவுன்சிலர் சிரித்த முகம் மாறாமல் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கையை விரித்தார். எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. சனிக்கிழமைதோறும் அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பூக் கட்டுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள். ஒரு நேரம் வேலைக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய அடுப்பு எரியாது. அதனால் புத்தகத்தோடு சாப்பாடும் பஸ் கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுத்துவந்த பழைய மாணவருக்கு துபாயில் வேலை போய்விட்டது. மார்ச்சோடு வகுப்பை நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியர் சத்தியநேசன் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் நடத்தும் அறக்கட்டளை ஒன்று கண்ணில் பட்டது. எழுத்தறியாத குடும்பங்களுக்கு மூன்று வருஷத்துக்கு உதவி; குறைந்தது பதினைந்து குடும்பம் வேண்டும். வகுப்பில் இருந்ததும் சொல்லிவைத்தாற்போல் பதினைந்து பேர்தான்.

இங்கேதான் டீச்சரின் பெருமை குறுக்கே வந்து நின்றது. "என் கிளாஸ்லேர்ந்து ஒரு கைநாட்டு போகப்படாது" என்று சொல்லி, மூன்று மாதம் மற்றப் பாடங்களை ஒதுக்கிவைத்து, ஒவ்வொருத்திக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். பதினைந்து பேரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னம்மை தன் பெயரைப் போட்டு முடிக்க இரண்டு முழு நிமிஷம் ஆயிற்று. முடித்ததும் தன் மகள் லிபியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பொன்னம்மைக்கு அது வெறும் கையெழுத்து இல்லை. அப்பா இறந்தபோது, வீட்டு வரியைப் பெயர் மாற்ற என்று சொல்லி அண்ணன்மார் அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வாங்கினார்கள். எனக்கு வீட்டில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற ஒழிமுறி அது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் வீடும் போயிற்று, அண்ணன்மார் உறவும் போயிற்று. "இனி இந்த வெரல மையில முக்க மாட்டேன் டீச்சரே. அதுக்காக்கும் படிக்க வந்தது" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

விண்ணப்பம் வியாழக்கிழமை திரும்பி வந்தது. அறக்கட்டளைச் செயலாளர் ஹரிநாராயணன் வலியசாலையில் சீதாவின் தெருக்காரர்தான். கோவிலிலிருந்து வரும் வழியில் அவளை நிறுத்தினார்.

"என்ன சீதா, எழுத்தறியாதவான்னு எழுதிட்டு, பதினஞ்சு பேரும் மணிமணியா கையெழுத்துப் போட்டிருக்காளே! போர்டுல எல்லாரும் சிரிக்கறா."

"பேர் மட்டும்தான் மாமா எழுத வரும். ஒரு வரி சேர்ந்து வாசிக்க வராது."

"அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியுமோ? வேறே ஃபாரம் தரேன், கைநாட்டு வாங்கிடு. சனிக்கிழமை தலைவரே வரார். பதினஞ்சுல ஒண்ணு குறையப்படாது, கேட்டயா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். சீதா ஃபாரத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சத்தியநேசன் ஸாரிடம் சொன்னதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வெரலுதானே டீச்சரே, வச்சா தேஞ்சா போவும்? அம்மைமாரு வராம போனா பிள்ளைகளும் போவும். இங்கிலீஷ் மீடியம் பஸ் தெருமுக்குல வந்து நிக்குது. பெறவு நீங்களும் நானும் காலி பெஞ்சுக்குப் பாடம் எடுக்கணும்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீதா, முன்கூட்டியே பொன்னம்மையிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பி, அவள் பூக் கட்டும் கடைக்குப் போனாள். பொன்னம்மை எழுந்து நின்று சிரித்தாள். கடை மறைப்பில் லிபியின் பழைய புத்தகம் விரித்தபடி கிடந்தது. சீதா இரண்டு முழம் மல்லிகை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டால் ஆயிற்றா?

சனிக்கிழமை தலைவர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். அவருக்கு இன்னொரு விழா காத்திருந்தது. ஃப்ளெக்ஸ் பேனர், போட்டோகிராபர், மேஜைமேல் மை ஒற்றும் டப்பா. பெண்கள் வரிசையாக நின்றார்கள்; பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணு மாசம் எழுதி எழுதி கை நோவுனதுதான் மிச்சம்" என்று சுசீலாபாய் சொல்லிச் சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பாமலே வைத்துவிட்டுப் போனார்கள். பதினான்கு ஆயிற்று.

பொன்னம்மை கடைசியாக வந்தாள். தன் ஃபாரத்தைக் கையில் எடுத்து, வரியின் அடியில் விரலை ஓட்டி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, நான் ஒப்பு போடுகேன்."

"இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம் பொன்னம்மை. எல்லாரும் வெச்சாளே, பார்த்தியோல்லியோ?"

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"கிளாஸுக்கு உள்ள காகிதம்தான். பயப்பட ஒண்ணும் இல்லே. அப்பறமா சொல்றேன்."

பொன்னம்மை மறுபடி காகிதத்தில் குனிந்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹரிநாராயணன் சீதாவைப் பார்த்தார். சத்தியநேசன் தொண்டையைக் கனைத்தார். நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. மூன்று வருஷ உதவி சீதாவின் கண்ணெதிரில் கை நழுவிப் போவதுபோல் இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே பொன்னம்மையின் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்திவிட்டாள். அந்தக் கை முரண்டு பிடிக்கவில்லை. போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தார், சரியாக வரவில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்.

பத்தே நாளில் உதவி கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. சத்தியநேசன் ஸார் பள்ளிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தார். புதுப் புத்தகங்கள் வந்தன. பெண்கள் தாங்களாகவே இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். பொன்னம்மை மட்டும் வரவில்லை. லிபி வாரநாட்களில் வந்தாள். கேட்டால், "அம்மைக்கு வேலை உண்டு" என்றாள். மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டு, நாலாவது வாரம் சீதா பூக்கடைக்குப் போனாள்.

பொன்னம்மை பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"வாங்க டீச்சர். மல்லிகையா, பிச்சிப்பூவா?"

"நீ ஏண்டி கிளாஸுக்கு வரல்லே? உனக்கு வேண்டித்தானே இத்தனை பாடும் பட்டேன்."

"அந்த பேப்பர நீங்க வாசிச்சியளா டீச்சர்?"

வாசித்தது மட்டுமா, சீதாவுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. 'எனக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. இதில் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டு, புரிந்துகொண்டு, முழுச் சம்மதத்துடன் கைரேகை வைக்கிறேன்.' பதினைந்து தாளிலும் கீழே சாட்சி என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒருத்திக்குக்கூட ஒரு வரி வாசித்துக் காட்டவில்லை.

"நான் வாசிச்சிட்டுத்தான் நின்னேன்" என்றாள் பொன்னம்மை, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுத்தெழுத்தா கூட்டி, 'வாசித்துக் காட்டக் கேட்டு' வரைக்கும் வந்துட்டேன். ஒருத்தருக்க ஒத்தாசையும் இல்லாம நான் மொதமொதலா வாசிச்சது அதாக்கும். உங்களுக்கிட்ட சொல்லணும்னு நிமிந்தேன். அதுக்குள்ள நீங்க கையப் பிடிச்சிட்டிய."

பஸ் இரைச்சலில் சீதாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தப்புதான் பொன்னம்மை. என்னை மன்னிச்சுடு. கிளாஸ் நின்னுபோயிடுமேங்கற பயத்துல பண்ணிட்டேன்."

"அய்யோ, அது எனக்குத் தெரியும் டீச்சர். உங்களுக்க மேல ஒரு குறையும் இல்ல. லிபி அங்கதான் படிப்பா." பொன்னம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பின்ன ஒரு காரியம். எனக்க அண்ணன்மாரு அன்னைக்கு கையப் பிடிக்கல்ல. இங்கன வையின்னு சொன்னாவ, நானே வச்சேன்."

அதற்குள் ஒருத்தி வந்து பிச்சிப்பூ மூன்று முழம் கேட்டாள். பொன்னம்மை எழுந்து முழம் போட ஆரம்பித்தாள்.